உடுப்புக் கொடி இல்லாத தெரு

ரொறன்ரோவில் இப்போது சனிக்கிழமை இரவு எட்டு மணி. சிட்னியில் இருந்து இணைந்தவர்களுக்கு ஞாயிறு காலைக் கோப்பி நேரம். லண்டன் நண்பர்கள் நித்திரை முழித்துக்கொண்டு இருக்கிறார்கள், அவர்களுக்காகவே சுருக்கமாகப் பேசப் பார்க்கிறேன்.

'புறநகரும் புனைவும்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். புறநகர் என்றதும் சென்னை நண்பர்களுக்கு மின்சார ரயிலும் தாம்பரமும் ஞாபகம் வரும். நான் பேசப்போவது காரை நம்பிக் கட்டிய புறநகரைப் பற்றி. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் என்று நாங்கள் பரவியிருக்கிற இடங்கள். ஸ்காபரோவில் 1985இல் இருந்து ஓடிய சின்ன ரயிலும் 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம்புரண்டதோடு நின்றுபோனது. அந்தப் பாதைக்கு இப்போது பஸ்தான்.

இந்த வகைத் தெருவுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்து சிப்பாய்கள் திரும்பி வந்தபோது அமெரிக்காவில் வீட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு. 1947இல் நியூயோர்க்குக்குக் கிழக்கே, உருளைக்கிழங்குத் தோட்டங்களாக இருந்த நிலத்தில், லெவிட் குடும்பம் ஒரே அச்சில் வீடுகளைக் கட்டத் தொடங்கியது. கார் தொழிற்சாலை மாதிரித்தான், ஆனால் இங்கே பொருள் நகரவில்லை, வேலையாட்கள் வீட்டுக்கு வீடு நகர்ந்தார்கள். ஒரு குழு அத்திவாரம், அடுத்த குழு சுவர், அடுத்தது கூரை. இப்படி 17,000க்கு மேற்பட்ட வீடுகள். அதன் பெயர் லெவிட்டவுன்.

அந்த வீடுகளோடு ஒரு விதிப் பட்டியலும் வந்தது. புல்லைக் கிழமைக்கு ஒருதரம் வெட்டவேண்டும். வேலி போடக்கூடாது. உடுப்பைக் கயிற்றுக் கொடியில் காயப்போடக்கூடாது. இன்னொரு விதியும் இருந்தது: வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக்கூடாது, வீட்டு வேலைக்காரராக இருந்தால் மட்டும் பரவாயில்லை. பிறகு பென்சில்வேனியாவில் கட்டிய இரண்டாவது லெவிட்டவுனில் 1957இல் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் ஒரு வீட்டை வாங்கிக் குடிவந்தபோது, நூற்றுக்கணக்கானவர்கள் வீட்டு முன்னால் கூடிக் கல்லெறிந்தார்கள்.

இந்த விதிகள் எல்லாம் ஒரே காகிதத்தில் இருந்தன என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புல்லின் உயரமும் மனிதரின் நிறமும் ஒரே கவலையில் இருந்து வந்தவை. தெரு பார்க்க ஒரே மாதிரி இருக்கவேண்டும், அப்போதுதான் வீட்டின் விலை குறையாது. நிறத்தைப் பற்றிய விதி சட்டத்தில் செத்துவிட்டது. புல் விதி உயிரோடு இருக்கிறது. ரொறன்ரோவில் உங்கள் முற்றத்துப் புல் 20 சென்டிமீற்றரைத் தாண்டினால் இன்றைக்கும் நோட்டீஸ் வரலாம். உடுப்புக் கொடியைப் பொறுத்தவரை, புதுக் குடியிருப்புகளில் இருந்த தடையை ஒன்ராறியோ அரசு 2008இல் நீக்கியது. மின்சாரம் மிச்சம் பிடிக்கத்தான். ஆனாலும் நம்முடைய ஆட்கள் யாராவது கொடி கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். சட்டம் போய்விட்டது, வெட்கம் போகவில்லை.

ரொறன்ரோவில் இந்தக் கதை 1953இல் டொன் மில்ஸ் என்ற திட்டமிட்ட குடியிருப்போடு தொடங்குகிறது. வளைந்து வளைந்து போகும் தெருக்கள், நடுவில் பள்ளிக்கூடம், கடைகள் ஒரே இடத்தில். பிறகு வந்தவர்கள் அந்த வளைவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் பெரிய வீதிகள் வளையவில்லை. எக்லிங்டன், லோரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபின்ச், ஸ்டீல்ஸ் எல்லாம் பழைய பண்ணை நிலங்களை அளந்தபோது ஒன்றேகால் மைலுக்கு ஒன்றாகப் போட்ட கோடுகள். இரண்டு கிலோமீற்றர். குதிரை வண்டிக்காரனுக்கு அது தூரமே இல்லை. இரண்டு வீதிக்கு நடுவில் ஒரு வளைந்த தெருவில் இருக்கிற எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு, ஜனவரி மாதத்தில், பஸ் தரிப்பிடம் ஒரு கிலோமீற்றருக்கு மேல். ஊரில் தினமும் சந்தைக்கும் கோயிலுக்கும் தனியாய்ப் போய்வந்த மனுசி அவ. இங்கே ஒரு கட்டு முருங்கை இலை வாங்கவும் மகன் வேலையால் வரவேண்டும். 'ஜெயில்தான் தம்பி, ஆனா ஹீட்டர் இருக்கு' என்று எங்கள் தெருவில் ஒரு அம்மா சொன்னா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா.

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன். இல்லாவிட்டால் ஒருங்கிணைப்பாளர் என்னை மியூட் பண்ணிவிடுவார்.

அமெரிக்கப் புறநகர்ப் புனைவில் இரண்டு பேரைக் கட்டாயம் சொல்லவேண்டும். ரிச்சர்ட் யேட்ஸின் 'ரெவலூஷனரி ரோட்' 1961இல் வந்தது. ஜோன் சீவரின் 'தி ஸ்விம்மர்' கதை 1964இல். ஒரு மனிதன் அயலவர்களின் நீச்சல் குளங்கள் ஒவ்வொன்றாக நீந்தியே வீடு போய்ச் சேர முடிவெடுக்கிறான். இரண்டுமே அபாரமான எழுத்து. ஆனால் அவை எல்லாம் கிடைத்துவிட்டவர்களின் வெறுமையைப் பற்றியவை. பின்வளவில் குளம் இருக்கிறவனின் துக்கம். நம்மில் சிலர் அந்தத் துக்கத்தை அப்படியே கடன் வாங்கி எழுதுகிறோம் என்பது என் குற்றச்சாட்டு. 'மனித முகமே தெரியாத தெரு, மூடிய கதவுகள், பனி' என்று எத்தனை கவிதைகள். அந்தக் கதவுக்குக் கீழே பேஸ்மென்டில் யார் இருக்கிறார்கள் என்று கவிஞர் குனிந்து பார்ப்பதில்லை.

ஸ்காபரோவை வேறு மாதிரிப் பார்க்கச் சொல்லித்தந்தவர் டேவிட் சாரியாண்டி. 'பிரதர்' என்ற அவருடைய நாவல் 2017இல் வந்தது. டிரினிடாட்டில் இருந்து வந்த தாய், இரண்டு பையன்கள். தாய் துப்புரவு வேலைக்குப் போகிறாள், பையன்கள் தனியே வளர்கிறார்கள். அங்கே பஸ் வெறும் காட்சிப் பின்னணி இல்லை. பிள்ளைகளோடு இருக்கவேண்டிய நேரத்தைத் தின்கிற பிராணி அது. கதரின் ஹெர்னாண்டஸின் 'ஸ்காபரோ' நாவலும் அதே ஆண்டுதான். இரண்டையும் வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது. நாங்கள் இத்தனை ஆயிரம் பேர் அதே வீதிகளில் இருந்துகொண்டு வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறோமே என்று.

பேஸ்மென்டை எடுங்கள். தெருவில் நின்று பார்த்தால் ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீடு. மேலே மோர்ட்கேஜ் கட்டுகிறவர், கீழே அந்த மோர்ட்கேஜில் பாதியைக் கட்டுகிறவர். பக்கவாட்டில் ஒரு கதவு. சமையல் மணம் மேலே போகிறது, மேல்வீட்டுப் பிள்ளையின் மிருதங்கம் கீழே வருகிறது. பல வருடங்கள் ஸ்காபரோவில் இது சட்டத்துக்குப் புறம்பு. நகரசபை நகர் முழுவதும் அனுமதித்தது 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான். 2023இல் எல்லாக் குடியிருப்புத் தெருக்களிலும் ஒரு கட்டடத்தில் நான்கு வீடு வரை கட்டலாம் என்றார்கள். எங்கள் சனம் அதற்கு எத்தனையோ வருடம் முந்தியே அந்தத் திட்டத்தை அமுல்படுத்திவிட்டது! கையில் திறப்பு இல்லாமல் பக்கக் கதவடியில் நிற்கிற ஒரு பள்ளிக்கூடப் பையனை வைத்து ஒரு நாவல் எழுதலாம்.

கடைசியாக ஒன்று. எங்கள் தெருவில் தபால் வீட்டுக்கு வருவதில்லை. மூலையில் வரிசையாக நிற்கிற பெட்டிகளுக்குப் போய்த்தான் எடுக்கவேண்டும். அங்கேதான் எனக்கு ஒரு ஐயாவைத் தெரியும். நயினாதீவு ஆள். கடிதம் ஒன்றும் வராவிட்டாலும் நாலு மணிக்கு வந்து நிற்பார். விளம்பரத் தாள்களை நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்ப்பார், யாராவது வரும்வரை. போன மாசி மாதம் மரண அறிவித்தல் இணையத்தளத்தைப் பார்த்துக்கொண்டு போகும்போது அவருடைய படம் இருந்தது. மூன்று வீடு தள்ளி இருந்த மனிதர். அவர் இறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

ஊரில் என்றால் ஒழுங்கை முகப்பில் வெள்ளைக் கொடி இருக்கும், தோரணம் இருக்கும், படலை திறந்து கிடக்கும். முன்பின் தெரியாதவனும் சைக்கிளை விட்டு இறங்கி நடப்பான். இந்தத் தெருவில் அன்றைக்கும் புல்லுக்கு மேல் பனி ஒரே மட்டத்தில் கிடந்தது. டிரைவ்வேயில் இரண்டு கார் கூட நின்றது, அவ்வளவுதான். வெள்ளைக் கொடி கட்ட எந்தச் சட்டமும் தடையில்லை. அவர் மகனும் கட்டவில்லை, எனக்கும் கட்டலாம் என்று தோன்றியிராது. இதைத்தான் எழுதிப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு பக்கம் ஓடியிருக்கிறது.

என் நேரம் முடிந்துவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம், முதலில் லண்டன்காரர், அவர்கள் படுக்கப் போகவேண்டும்.