இருக்கையிலேயே உயிர்விட்ட நீதிபதி
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளைக்கார நீதிபதி என்றதும் பொய்முடி வைத்த தலையும் தூக்குத் தண்டனையும்தான் நம் நினைவுக்கு வரும். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பின்னும் ஏழையை மறக்காத ஒருவரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். தாமஸ் நூன் டால்ஃபோர்டு என்பது அவர் பெயர்.

1795-இல் பிறந்தவர். தந்தை ரெடிங் நகரில் பீர் வடிப்பவர். மகன் வழக்கறிஞரானார், நாடகம் எழுதினார், 1835-இல் ரெடிங் மக்களின் நாடாளுமன்ற உறுப்பினரானார். எழுத்தாளனின் உரிமைக்காக அவர் வாதாடியதால், டிக்கன்ஸ் தமது பிக்விக் கதையை அவருக்கே காணிக்கையாக்கினார்.

அது கிடக்கட்டும். நம் தாய்மார்கள் கேட்க வேண்டியது வேறு. அன்றைய இங்கிலாந்தில் பிள்ளை தகப்பனுக்கே சொந்தம். பால்குடிக்கும் குழந்தையைத் தாயிடமிருந்து பறித்துப் போனாலும் சட்டம் வாய் திறக்காது. கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளருக்கு மூன்று மகன்கள். பிரதமர் மெல்போர்னோடு அவருக்குத் தொடர்பு என்று கணவன் 1836-இல் வழக்குப் போட்டுத் தோற்றான். தோற்ற பிறகும் பிள்ளைகளைத் தாயிடம் விடவில்லை! அந்தத் தாய் பேனா எடுத்தார். டால்ஃபோர்டு மசோதா கொண்டுவந்தார். 1838-இல் பிரபுக்கள் சபை அதைத் தள்ளியது. விடவில்லை அவர். 1839-இல் சட்டமானது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் விடும்படியும், மூத்த பிள்ளையைப் பார்க்கும்படியும் தாய் மனுச் செய்யலாம். ஆனால், பணம் தின்னும் சான்சரி நீதிமன்றத்தில்தான் மனுச் செய்ய வேண்டும். கூலிக்காரன் மனைவிக்கு அந்தப் படி எங்கே எட்டும்? இதையும் சொல்லத்தான் வேண்டும்.

1849-இல் நீதிபதியானார். 1854 மார்ச் 13. ஸ்டாஃபோர்டு நகரில் விசாரணை தொடங்கும் நாள். சுரங்கமும் இரும்பு உலையும் நிறைந்த மாவட்டம். குற்றவாளிப் பட்டியலோ நீளம். ஜூரிகளைப் பார்த்துப் பேசினார். குடி பெருகியதைச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. மேல்வகுப்பார் கீழ்வகுப்பாரிடமும், முதலாளி தொழிலாளியிடமும் பரிவில்லாமல் ஒதுங்கி நிற்பதே இந்தக் கேட்டுக்குக் காரணம் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். உயிர் போய்விட்டது.

பரிவு இருந்தால் போதுமா, கூலி வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நாமும் அதைத்தான் கேட்கிறோம். அதே நாட்களில் பிரஸ்டன் நகரில் பத்து சதவீத உயர்வு கேட்ட நெசவாலைத் தொழிலாளரை, முதலாளிகள் 1853 அக்டோபரிலிருந்து கதவடைத்து வெளியே நிறுத்தியிருந்தார்கள். டால்ஃபோர்டு இறந்த இரண்டு மாதத்துக்குள், அந்தப் பத்து சதவீதம் கிடைக்காமலேயே அவர்கள் ஆலைக்குத் திரும்பினார்கள்.