பெண்கள் ஏன் உண்மையைச் சொல்லவில்லை?

 

ஆணுறைக்கு ஆண் சம்மதிக்க வேண்டும். அவன் மறுத்தால் பெண் என்ன செய்வாள்? எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க அவளே பூசிக்கொள்ளும் மருந்தைத் தேடி என் தலைமுறை ஆய்வாளர்கள் அலைந்தார்கள். நோனாக்சினால்-9 ஜெல், அடிக்கடி பயன்படுத்தியவர்களின் உள்சவ்வைப் புண்ணாக்கித் தொற்றைக் கூட்டிவிட்டது. செல்லுலோஸ் சல்பேட் ஆய்வு 2007-இல் பாதியில் நின்றது. சென்னையும் அதில் ஒரு களம். 2010-இல்தான் வெளிச்சம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் 889 பெண்களிடம் நடந்த ஆய்வில் டெனோஃபோவிர் ஜெல் தொற்றை 39 சதவீதம் குறைத்தது.

நான் போகும் இடமெல்லாம் சொல்லும் கதை இதற்குப் பிறகுதான் வருகிறது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேயில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம், அதே ஜெல்லையும் சோதித்த 'வாய்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. மருந்தைப் பயன்படுத்தினீர்களா என்று கேட்டால், கிடைத்த பதில்களின்படி பயன்பாடு 90 சதவீதம். ரத்தத்தைச் சோதித்தால், ஜெல் பெற்றவர்களின் மாதிரிகளில் நான்கில் ஒன்றில்தான் மருந்து இருந்தது. ஜெல் காப்பாற்றவில்லை.

"பொய் சொல்லிவிட்டார்கள்" என்று கருத்தரங்குகளில் பேசியவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். பிறகு அந்தப் பெண்களிடமே ரத்த முடிவைக் காட்டிப் பொறுமையாக விசாரித்தபோது காரணங்கள் வந்தன: வீட்டுக்காரரின் சந்தேகம், பக்கவிளைவு பயம், மருந்தைப் பார்த்தால் நம்மையே நோயாளி என்பார்களே என்ற கூச்சம். இதையெல்லாம் மருந்து செய்யும் முன்பே கேட்டிருக்க வேண்டாமா?

நான் படித்த காலத்தில், களிம்பு செய்து கொண்டுபோனால் எங்கள் வாத்தியார் உடனே மார்க் போடமாட்டார். "கையில பூசிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் இரு, அப்புறம் பேசலாம்" என்பார். சட்டையெல்லாம் கறை, பிசுபிசுத்த கையோடு மெஸ்ஸில் உட்கார்ந்தால் ஒரே கேலி.  மருந்தைப் பயன்படுத்துபவரின் பாட்டை நாமே பட்டுப் பார்க்க வேண்டும்; மருந்தியலில் எனக்கு உருப்படியாகக் கிடைத்த பாடம் அதுதான்.

ஜெல்லுக்கு அடுத்து, பெண்ணுறுப்பினுள் வைத்து மாதம் ஒருமுறை மாற்றும் டாபிவிரின் வளையம் வந்தது; 2016-இல் வெளியான இரண்டு ஆய்வுகளிலும் பாதுகாப்பு ஏறத்தாழ 30 சதவீதம். 2024-இல் லெனகாபவிர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. தினமும் நினைவு வைக்க வேண்டாம், வீட்டில் ஒளித்து வைக்கவும் வேண்டாம். 2027 முதல் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு சுமார் 40 டாலரில் அதைத் தர ஒப்புக்கொண்ட இரண்டும் ஹைதராபாத் நிறுவனங்கள். பட்டம் பெறும் மருந்தியல் மாணவ மாணவியரே, உங்களில் சிலர் அங்கே வேலைக்குப் போவீர்கள். வாழ்த்துகள்.