மௌனம் சம்மதமாகிவிடும்!

(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கடன்பட்டு வாங்கிய நீரிறைக்கும் இயந்திரம் வந்திறங்கிய சில நாட்களிலேயே நின்றுபோனால் நாம் செய்வது என்ன? விதியை நோகின்றோம். விற்றவரை முற்றத்தில் நின்று ஏசுகின்றோம். பின்பு ஊரில் திருத்துபவரை அழைத்து இயந்திரத்தைப் பிரித்துப் போடுகின்றோம். வெங்காயம் நீரின்றி வாடுகின்றது; வட்டியோ வாடாது வளர்கின்றது. ஆயினும் அந்த இயந்திரத்தைச் செய்தவருக்கும் விற்றவருக்கும் ஒரு கடிதம் எழுதினோமா? இல்லை. அந்தக் கடிதத்தைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம்.

இந்நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி, 1896ஆம் ஆண்டிலேயே பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இங்கு இயற்றப்பட்டது. நம் தேவையை எடுத்துரைத்து, விற்பவரின் அறிவை நம்பி வாங்கும் பொருள், சில விலக்குகள் நீங்கலாக, அத்தேவைக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும் என்கின்றது அது. பொருளைச் சோதிக்கவும், குறையிருப்பின் ஏற்க மறுக்கவும் நமக்கு உரிமை தருகின்றது. ஆனால் அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கின்றது. மறுப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் பொருளை வைத்திருந்தால், நாம் அதை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். நம் மௌனமே சம்மதமாகிவிடும்!

ஆகவே குறை கண்ட அன்றே எழுதுங்கள். இயந்திரத்தைப் பிரிக்காதீர்கள். வாங்கிய நாள், கொடுத்த விலை, இயந்திரத்தின் தொடரிலக்கம், குறை தோன்றிய நாள், அது தோன்றிய விதம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். மாற்றித் தரவேண்டுமா, பணம் திரும்பவேண்டுமா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, கடிதத்தின் பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள். ஏச்சு வேண்டாம், மிகைப்படுத்தலும் வேண்டாம். உண்மையை உள்ளபடி எழுதினால், நேர்மையான உற்பத்தியாளர் தம் குறையைத் திருத்திக்கொள்வார்.

நேர்மையற்றவர் வாளாவிருந்தால்? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கின்றது. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்துக்கு மாறான பொருளைச் செய்தவர் மீதும் விற்றவர் மீதும் அங்கே முறையிடலாம். விசாரணையின் பின், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ கட்டளையிட அதற்கு அதிகாரமுண்டு. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும்; விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் சேர்தல் வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்கவேண்டியது வணிகரின் கடமை என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. கேளாமல் வருவது நம் தவறு.

எந்த மொழியில் எழுதுவது என்று தயங்குவோர் உளர். 1956ஆம் ஆண்டுச் சட்டம் தமிழனை அரச அலுவலகத்தில் ஊமையாக்கியது. நெடும் போராட்டத்தின் பின், 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் அவ்வுரிமையை விரித்துரைத்தது. ஆகவே அதிகாரசபைக்குத் தமிழில் எழுதுங்கள். தமிழில் மறுமொழி கேளுங்கள். ஏட்டிலுள்ள உரிமை, பயன்படுத்துவோர் இன்றேல் ஏட்டோடு மடியும்.

சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே! தோட்டத்தில் உழைப்பவருக்குக் கடிதம் எழுத நேரமுமில்லை, பழக்கமுமில்லை. மாதத்தில் ஒரு மாலையேனும் சனசமூக நிலையத்தில் அமர்ந்து அவருக்காக எழுதிக்கொடுங்கள். கல்வி கற்றோர் இச்சமூகத்துக்குப் பட்ட கடனின் ஒரு சிறு பகுதி அதனால் தீரும்.

பெரிய உரிமைகளைக் கேட்கும் நாம், கைப்பொருள் கொடுத்து வாங்கிய சிறிய உரிமையைக் கைவிடலாமா? எழுதுவோம், காலத்தில் எழுதுவோம், தமிழில் எழுதுவோம்.