கட்டிச் சவர்க்காரமும் போத்தல் திரவமும்

நீராடுதற்குரிய பொருள் தலைமுறைதோறும் மாறிவருவதற்கு யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளே சான்று. துலாவால் நீரிறைத்த காலத்தில் பாட்டிமார் நல்லெண்ணெய் தேய்த்து, சீயாக்காய் அரைத்துத் தோய்ந்தனர். அவர்தம் மக்கள் கட்டிச் சவர்க்காரத்தை விரும்பினர். பேரப்பிள்ளைகளோ போத்தலிலுள்ள வாசனைத் திரவத்தை நாடுகின்றனர். “பலர் தேய்த்த கட்டியைத் தொடுவதா?” என இளையோர் முகஞ்சுளிப்பர். “சவர்க்காரம் போடாத குளிப்பும் ஒரு குளிப்பா?” என முதியோர் கடிந்துகொள்வர். இவ்வழக்கில் நியாயம் யார் பக்கம்?

எண்ணெயையோ கொழுப்பையோ காரத்தோடு சேர்த்துக் காய்ச்சப் பிறப்பது சவர்க்காரம். போத்தல் திரவங்களிற் பெரும்பாலானவை செயற்கை அழுக்ககற்றிகளால் ஆனவை. இவ்வேறுபாடு நீரிலே தெளிவாகப் புலப்படும். குடாநாட்டின் அடிநிலம் சுண்ணாம்புக்கல்லாதலால் அங்குள்ள கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர். அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு கூடி, கரையாத வெண்படிவாகிறது. நுரை எளிதில் எழுவதில்லை. வாளியின் விளிம்பிலும் உடலிலும் படிவு ஒட்டிக்கொள்கிறது. செயற்கை அழுக்ககற்றிகள் வன்னீரிலும் நன்கு நுரைக்கும்.

அடுத்துச் சருமத்தின் நிலையை நோக்குவோம். ஆரோக்கியமான சருமம் சற்று அமிலத்தன்மை உடையது. சவர்க்காரமோ காரத்தன்மை உடையது. இளைஞரின் சருமத்தில் எண்ணெய்ப்பசை மிகுதியாதலால் அதனைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வயது ஏற ஏறச் சருமம் வறண்டுபோகும். அறுபதைக் கடந்தவர் நாள்தோறும் உடல் முழுவதும் சவர்க்காரம் தேய்த்தால் அவ்வறட்சி மிகுந்து, இரவிலே அரிப்பு வந்து உறக்கத்தைக் கெடுத்தலும் கூடும். ஆகவே மென்மையான அழுக்ககற்றியின் தேவை பேரனைக் காட்டிலும் பாட்டனுக்கே அதிகம். கட்டியை விட மனமில்லாத பெரியவர்க்கும் வழியுண்டு. சவர்க்காரமல்லாத மென்மையான அழுக்ககற்றிகள் கட்டி வடிவிலும் கிடைக்கின்றன. குளித்தபின் ஈரம் புலருமுன் சிறிது எண்ணெய் பூசுதலும் நன்று. பாட்டிமாரின் எண்ணெய் முழுக்கை முற்றாகக் கைவிட வேண்டியதில்லை.

இளையோரின் அச்சத்துக்கும் விடையுண்டு. கிருமிகளைத் தடவிய கட்டிகளால் 16 பேரைக் கைகழுவச் செய்து பார்த்த ஆய்வொன்று 1988இல் வெளியாயிற்று. கழுவிய கைகளில் அக்கிருமிகள் கண்டறியத்தக்க அளவிற் காணப்படவில்லை. ஆயினும் கட்டியை நீர் தேங்கும் கிண்ணத்தில் ஊறவிடாது, துளையுள்ள தட்டில் உலரவைத்தல் வேண்டும். தோல்நோய் உள்ளவர்க்குத் தனிக்கட்டி வைப்பதே முறை.

சிக்கனத்திலும் கட்டிக்கு ஒரு சிறப்புண்டு. போத்தல் திரவத்திற் பெரும்பங்கு தண்ணீரே. அது தீர்ந்தபின் எஞ்சுவது பிளாத்திக்குக் குப்பை. உலர்ந்த கட்டிக்கோ தாளுறை ஒன்றே போதும்.

ஆதலால் வயதையும் சருமத்தையும் நீரின் தன்மையையும் அறிந்து தெரிந்தெடுப்பதே அறிவுடைமை. பாட்டனாரின் முதுகில் வெண்கோடுகளாகத் தோல் உரிவதைக் காணும் பேரன், பழைமையைப் பழிப்பதை விடுத்து, மென்மையான கட்டியொன்றை வாங்கி அவர் கையிற் கொடுப்பானாயின் அவ்வீட்டு வழக்கு அன்றே தீர்ந்துவிடும்.