வார்டில் கற்ற பாடம்

பல ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்த ஒருவர் ஃபிசிசியன் அசிஸ்டன்ட் ஆக விரும்பினால், பொதுவாக ப்ளஸ் டூ முடித்த மாணவரோடு முதலாண்டில்தான் சேர வேண்டியிருக்கிறது. மூன்றாண்டுப் பாடம், ஓராண்டுப் பயிற்சி. வார்டில் அவர் கழித்த இரவுகள் கணக்கிலேயே வருவதில்லை. இது நியாயமும் அல்ல, நாட்டுக்கு லாபமும் அல்ல. நோய் வரலாறு கேட்பது, உடலைப் பரிசோதிப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, தியேட்டரில் உதவுவது என்று மருத்துவரின் மேற்பார்வையில் நடப்பது ஃபிசிசியன் அசிஸ்டன்ட் வேலை. 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் முயற்சியில் இந்தியாவில் இந்தப் படிப்பு தொடங்கியது.

அனுபவத்தை அடித்தளமாக வைத்துப் பிறந்த தொழில் இது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட், தெல்மா இங்கிள்ஸ் என்ற செவிலியருடன் சேர்ந்து முதலில் நர்ஸுகளுக்குத்தான் மேற்பயிற்சி கொடுத்தார். செவிலியர் கல்வி அமைப்பு அங்கீகாரம் தர மறுத்தது. பிறகே, 1965இல், கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்தவர்களைச் சேர்த்தார். இன்றும் அங்கே பெரும்பாலான கல்லூரிகள் நோயாளிகளோடு வேலை பார்த்த அனுபவத்தைக் கேட்கின்றன. நர்ஸ் வேலையும் அதில் சேரும். நம் தருமபுரி மாவட்டத்திலேயே, சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கியில், 1993 முதல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மருத்துவமனையையே அவர்களைக் கொண்டு நடத்தினார்கள். நோயாளிக்குச் சிறுநீர் குறைவதையும் மூச்சு வாங்குவதையும் ரவுண்ட்ஸுக்கு முன்பே கவனித்து டாக்டரை எழுப்பும் கண், பாடப்புத்தகத்தால் மட்டும் வருவதில்லை.

நர்ஸ் பற்றாக்குறை இருக்கும்போது உள்ள நர்ஸுகளையும் இழப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கவலை. ஆனால் முன்னேற வழியில்லாதவர் வார்டிலேயே தங்கிவிடுவதில்லை, வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறார். ஏழைக்கு அரை டாக்டரா என்பது இன்னும் கனமான கேள்வி. மருத்துவர் இல்லாத மலைக்கிராமத்தில் ஃபிசிசியன் அசிஸ்டன்டுகளைத் தனியாக உட்கார வைத்தால் நானும் எதிர்ப்பேன். பராமரிப்பு அறிந்தவருக்கு நோயைக் கண்டறியும் அறிவு தானாக வந்துவிடாது என்பதும் உண்மை. அதனால் நோயியல், மருந்தியல், நோய் நிர்ணயம் ஆகியவற்றில் ஒரு மணி நேரம்கூடக் குறைக்கக் கூடாது. உடற்கூறியலின் தொடக்கப் பாடம், கிருமி நீக்கம், ஊசி போடுவது போன்றவற்றைத் தேர்வு வைத்துக் கழித்துவிடலாமே! தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஃபிசிசியன் அசிஸ்டன்ட் தொழில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது, செவிலியர் தொழில் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டங்களின் கீழான இரண்டு ஆணையங்களும் உட்கார்ந்து பேசி ஓர் இணைப்புப் படிப்பை வகுக்க வேண்டும். அந்தப் படிப்புக் காலத்தில் சம்பளத்தோடு விடுப்பும் வேண்டும்; குடும்பத்தைத் தாங்கும் பெண் வருமானம் இல்லாமல் கல்லூரிக்குப் போக முடியாது.