அன்றாட அலுவலிடையே உடற்பயிற்சி

(ஆண்டு விழாவின் இரண்டாம் நாள் பிற்பகலில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பொன்னூர் மலையில் ஆண்டுதோறும் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. எழுபது வயது கடந்த சிற்றூர்ப் பாட்டியார் குந்தகுந்தர் திருவடிகளை வணங்கவேண்டி நிதானமாகப் படியேறிச் சென்றுவிடுகிறார். உடன்வந்த நாற்பத்தைந்து வயது மகனோ பாதிவழியில் அமர்ந்து மூச்சு வாங்குகிறார். மகனுக்கு நோய் ஏதும் இல்லை. ஆண்டின் பிற நாள்களில் அவர் படியேறுவதில்லை, அவ்வளவே. கேட்டால், "நேரம் எங்கே இருக்கிறது?" என்பார். அது பொய்யும் அன்று.

வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் முன்னோர் உழவராய் வாழ்ந்தபோது உடற்பயிற்சிக்கென எவரும் நேரம் ஒதுக்கியதில்லை. ஆடவர் ஏற்றம் மிதித்தனர். அண்டை ஊருக்கு நடந்தே சென்றனர். பெண்டிர் கிணற்றில் நீர் சேந்தி, துணியால் வடித்து, குடம் சுமந்து, உரலும் அம்மியும் இழைத்தனர். (அவ்வாழ்வை வெறும் இனிய நினைவாக்கிவிடலாகாது, அவ்வுழைப்பால் முதுகு வளைந்தோரும் பலர்.) நகரப் பணி அவ்வுழைப்பை அகற்றிற்று. அதன் இடத்தில் வேறொன்றும் வந்து அமரவில்லை.

இவ்வேறுபாட்டை ஆய்வாக எடுத்துக்காட்டியவர் லண்டனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மோரிஸ். அந்நகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள்முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்க ஓயாது மாடிப்படி ஏறி இறங்குவார். இருவருக்கும் ஒரே வண்டி, ஒரே வழித்தடம். ஆயினும் நடத்துநரிடையே இதயநோய் குறைவாகவும், வந்தாலும் வயது முதிர்ந்தே வருவதாகவும், கடுமை குறைந்ததாகவும் இருந்தது. 1953இல் 'லான்செட்' இதழில் இம்முடிவுகள் வெளிவந்தன. பருத்த உடலினரே ஓட்டுநர் பணிக்குச் சென்றனரோ என்ற ஐயம் எழவே, சீருடைகளின் இடுப்பளவைக் கொண்டு அதனையும் மோரிஸ் ஆராய்ந்தார். ஐயம் முற்றிலும் பொய்யன்று என்றே தெரிந்தது. எனினும் உடலியக்கம் இதயத்தைக் காக்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் பலவும் உறுதிசெய்தன. இங்கே கருதத்தக்கது, அந்நடத்துநர்கள் பயிற்சிக்கென ஒரு நிமிடமும் ஒதுக்கவில்லை என்பதே. பயிற்சி அவர்தம் பணிக்குள்ளேயே இருந்தது.

வளர்ந்தோர்க்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கம் தேவை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குறைந்த அளவைப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 நிமிடங்களே. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடங்களுக்குக் குறையலாகாது என்று 2010இல் வகுத்த விதியை அந்நிறுவனம் 2020இல் கைவிட்டது. ஆகவே மூன்று நிமிடப் படியேற்றமும் கணக்கில் சேரும். நாளுக்குப் பத்தாயிரம் அடி நடந்தே தீரவேண்டும் என்று மலைக்கவும் வேண்டா. அவ்வெண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது.

எனவே அலுவலகத்தில் மின்தூக்கியை விடுத்துப் படியேறலாம். ஒரு நிறுத்தம் முன்னரே இறங்கி விரைந்து நடக்கலாம். கைப்பேசி உரையாடலை எழுந்து உலவியவாறே முடிக்கலாம். தசை வலிமைக்கென வாரம் இரு நாளேனும் பஸ்கியோ, சுவரில் கையூன்றிய தண்டாலோ போதும். கதிர் மறையுமுன் உண்ணும் வழக்கமுடைய குடும்பங்களுக்குத் தனி வாய்ப்பு ஒன்றுண்டு. உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே சில மணி நேரம் எஞ்சுகிறது. உண்டபின் கால்மணி நேரம் நடந்தால், கால்தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. உணவுக்குப்பின் அது உயர்வது தணிகிறது. நீரிழிவுடையோர்க்கு இது பெரும்பேறு. அந்நேரம் இன்று பெரும்பாலும் தொலைக்காட்சிக்கே செல்கிறது.

இல்லத்தரசியர்க்கு வீட்டுவேலையே பயிற்சி என்பது பாதியளவே உண்மை. அடுப்பின்முன் நிற்பது கால்வலியைத் தரும், மூச்சை வளர்க்காது. அவர்கள் மாலையில் நடக்கவேண்டுமாயின், அவ்வேளையில் பாத்திரம் துலக்குவது யார் என்பதைக் கணவரும் மக்களும் முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

நோன்பு நாள்களில் கடும்பயிற்சி வேண்டா. நீரிழிவு மருந்து உண்போர் அந்நாள்களுக்கென மருத்துவரின் அறிவுரையைப் பெறுதல் இன்றியமையாதது. நடக்கையில் நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றினால் அங்கேயே நின்றுவிட வேண்டும். மருத்துவரைக் காண்பதை மறுநாளைக்குத் தள்ளலாகாது.

இன்று மாலையுணவு ஐந்தரை மணிக்குப் பரிமாறப்படும். அதன்பின் ஆலயத்தின் வெளிச்சுற்று நடப்பதற்குத் திறந்திருக்கும்.