விபத்தின் பின் சாரதியை மறவாதிருப்போம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

வீதி விபத்தைப்பற்றிப் பேசுவோர் அதனைத் தடுக்கும் வழிகளையே பெரும்பாலும் கூறுவர். யானோ விபத்து நிகழ்ந்த பின்னர் வரும் நாட்களைப்பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

எங்கள் அயலிலே முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் மாலை ஒழுங்கையிலிருந்து வேகமாக வந்த மோட்டார் சைக்கிளொன்று அவருடைய வண்டியில் மோதியது. வண்டி சரிந்தது, அவர் தலை இரும்புச் சட்டத்தில் அடிபட்டது. மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞனுக்குக் கால் முறிந்தமையால் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டோம். சாரதி எழுந்து நின்றார். "எனக்கு ஒன்றுமில்லைத் தம்பி" என்றார். பொலிசுக்கு வாக்குமூலம் கொடுத்துவிட்டு வீடு சென்றார். மறுநாளே வண்டியும் ஓட்டினார். மூன்று வாரமாகத் தலையிடி. கண்ணாடி மாற்றவேண்டும்போலும் என்று எண்ணி, பனடோல் குடித்துக் காலங் கடத்தினார். ஒருநாள் காலை தேநீர்க் கோப்பை அவர் கையிலிருந்து நழுவியது, இடக்கை சோர்ந்துவிட்டது. வைத்தியசாலையில் ஸ்கான் செய்தபோது மண்டையோட்டின் உள்ளே இரத்தம் கசிந்து தேங்கியிருந்தமை தெரிந்தது. சத்திரசிகிச்சையால் உயிர் தப்பினார். அன்று நின்றவர்களுள் யானும் ஒருவன். "ஐயா, நீங்களும் வாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் என் மனக்குறை.

இத்தகைய மோதலிலே பெருங்காயம் அடைபவர் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் வந்தவரே. அவருக்கு முதலிடம் கொடுப்பது நியாயம். ஆனால் மற்ற வாகனத்தின் சாரதி காயமடையவில்லை என்று அதனாற் கொள்ளலாகாது. முச்சக்கர வண்டிக்குக் கதவில்லை. காருக்குக் கண்ணாடி உண்டு. மோதலைத் தவிர்க்க வெட்டித் திருப்பியவர் மதகிலோ மரத்திலோ மோதவுங்கூடும். மேலும், பதற்றம் மிகுந்த வேளையில் உடம்பு தன் நோவைத் தானே உணர்வதில்லை.

ஆதலின் முதல் விதி இது: தலையில் அடிபட்டவர், எழுந்து நடந்தாலும், அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். முதல் 24 மணி நேரமாவது அவரைத் தனியே விடலாகாது. தலையிடி கூடுதல், திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பவியலாத உறக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு பக்கம் சோர்தல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். முதியோருக்கும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோருக்கும் அபாயம் அதிகம். அவர்களுக்கு வாரங்கள் கழிந்தபின்னும் இரத்தக்கசிவு வெளிப்படலாம்.

கழுத்து நோவு மறுநாளே தலைகாட்டுவதுண்டு. எலும்புக்குப் பழுதில்லை என்று வைத்தியர் கூறியபின், கழுத்தை அசையாது வைத்திருப்பதிலும் மெல்ல மெல்ல அசைத்துப் பழகுவதே நன்று. விலா எலும்பு முறிந்தவர் நோவுக்குப் பயந்து மூச்சை அடக்குவார். ஆழமாக மூச்செடுத்து, சளியை இருமி வெளியேற்றாவிட்டால் நிமோனியா உண்டாகலாம். ஆசனப்பட்டி அழுத்திய இடத்தில் வயிறு கன்றியிருந்தால் அதனை அலட்சியம் செய்யலாகாது. குடலிலோ மண்ணீரலிலோ பட்ட காயம் சிலவேளை நாட்கள் சென்றே தெரியவரும்.

இனி மனக்காயம். தன் வாகனத்தில் மோதி ஒருவன் வீழ்ந்ததைக் கண்ட சாரதி, பிழை தன்மேல் இல்லாவிடினும், உறக்கம் இழக்கிறான். மோட்டார் சைக்கிளின் சத்தங் கேட்டாலே திடுக்கிடுகிறான். முதற் சில வாரங்களில் இது இயல்பு. ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் அதுவும் சிகிச்சை பெறவேண்டிய நோயே. வெட்கப்பட ஒன்றுமில்லை. 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்துடன் பேசலாம். "ஆண்பிள்ளை இதற்கெல்லாம் கலங்குவதா?" என்று கேட்கும் நாம்தான் அவனை வாய்மூடச் செய்கின்றோம்.

வைத்தியசாலையிலிருந்து வீடு வந்தவுடன் சிகிச்சை முடிந்துவிட்டதென்று எண்ணுவது பெருந்தவறு. அங்கே தரும் அட்டையையும் எக்ஸ்ரே படங்களையும் பத்திரப்படுத்தவேண்டும். கிளினிக் நாளைத் தவறவிடலாகாது. தூக்கம் தரும் மருந்து உட்கொள்ளும் காலத்திலும், வைத்தியர் அனுமதி தரும்வரையிலும் வாகனம் ஓட்டலாகாது. இதைச் சொல்வது எளிது. அன்றாடம் ஓடி உழைப்பவன் வீட்டிலிருந்தால் அடுப்பு எரிவதெப்படி? மூன்றாந் தரப்புக் காப்புறுதி பிறருக்கு நேர்ந்த தீங்குக்கே ஈடுசெய்வது. சாரதியின் சொந்தக் காயத்துக்கு அது உதவாது. ஆகவேதான் அவன் ஆறாத காயத்தோடு வீதிக்கு வருகிறான். அது அவனுக்கு மட்டுமன்றி, எதிரே வரும் நம் பிள்ளைகளுக்கும் ஆபத்தாகும்.

2011 முதல் 2020 வரையான பத்தாண்டுகளுக்கென உலக நாடுகள் வகுத்த வீதிப் பாதுகாப்புத் திட்டத்தின் ஐந்து தூண்களுள் ஒன்று, விபத்துக்குப் பின்னான பராமரிப்பாகும். அந்தத் தூணை நம் ஊரிலே தாங்கிப் பிடிக்க நம் சங்கத்தால் முடியாதா? முடியும். விபத்தில் அடிபட்ட ஒவ்வொருவருக்கும், அவர் எந்த வாகனத்தில் வந்தவராயினும், இரண்டு இளைஞர்கள் பொறுப்பேற்கட்டும். முதலிரவு வீட்டாரோடு கூட இருக்கட்டும். கிளினிக்குக்கு அழைத்துச் செல்லட்டும். ஒரு மாதம் கழிந்து மீண்டும் சென்று சுகம் விசாரிக்கட்டும். பெரியோர்கள் சிறுதொகை சேர்த்து, வேலைக்குப் போகவியலாத வாரங்களில் அக்குடும்பத்துக்கு அரிசி பருப்பாவது கொடுக்கட்டும்.

இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்பவரிடம், "இருந்தாலும் வாருங்கள், ஒருமுறை காட்டிவிட்டு வருவோம்" என்று கூறும் மனமே வேண்டும். யான் அன்று சொல்லத் தவறிய அவ்வார்த்தையை இனி நீங்கள் தவறாது சொல்வீர்கள் என்ற நம்பிக்கையுடன் அமர்கின்றேன்.